குண்டெழுத்தில் கடைப் பலகை: முதல் தடவை செய்பவருக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில் உங்கள் மாமா ஒரு தயிர்க்கடை திறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் மாட்ட எட்டடிக்கு மூன்றடியில் ஒரு பலகை வேண்டும். "நீ கொம்பியூட்டர் படிச்ச புள்ளதானே மகன், நல்ல குண்டு எழுத்தில ஒரு போட் செஞ்சி தா" என்கிறார். உங்களுக்கோ எழுத்துருக்களைப் பற்றி எதுவும் தெரியாது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தயிர்க்கடைப் பலகையையே உதாரணமாக வைத்து, தொடக்கத்திலிருந்து கடைசி வரை போவோம்.

மாமா கேட்கிற குண்டெழுத்து எது என்று முதலில் பார்ப்போம். கோடு தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஏறக்குறைய ஒரே பருமனில் ஓடும். நல்ல தடிப்பாக இருக்கும். முனைகள் கத்தியால் வெட்டியது போல் நில்லாமல் விரல் நுனி மாதிரி உருண்டு முடியும். ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெயர்பெற்றது வி.ஏ.ஜி. ரவுண்டட். 1979இல் வொக்ஸ்வேகன், ஔடி கார்களை விற்கும் அமைப்புக்காக வந்தது அது. பிறகு ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகையில் பல ஆண்டுகள் இருந்ததும் அதே எழுத்துத்தான். அதைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு நெருக்கம் வரும், விளையாட்டுச் சாமானைக் கையில் எடுத்தது போல. அதனால்தான் முன்பள்ளி, ஐஸ்கிறீம் கடை, தின்பண்டப் பொதி, சிறுவர் உடுப்புக் கடை எல்லாம் இதைத் தேடிப் போகின்றன.

தமிழில் செய்யும்போது ஒரு விஷயம் மட்டும் வேறுபடும், அதுதான் இந்த வேலையின் உயிர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வளையங்கள் குறைவு. தமிழிலோ ண, ஞ, ஐ, று, ணூ என்று கோடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். கோட்டைத் தடிப்பாக்கினால் அந்த வளையங்களுக்குள் இருக்கிற வெள்ளை சுருங்கும். இன்னும் தடிப்பாக்கினால் அடைபட்டுவிடும். நாம் எழுத்தை அடையாளம் காண்பது கறுப்பால் எவ்வளவோ, அந்த உள்வெள்ளையாலும் அவ்வளவு. ஆகவே குண்டெழுத்தில் வேலை செய்பவர் கறுப்பைவிட வெள்ளையைத்தான் காவல் காக்க வேண்டும். கீழே வருகிற ஒவ்வொரு படியும் அந்தக் காவலின் ஒரு பகுதி.

முதல் படி: எந்தச் சொல் என்று முடிவெடுங்கள்

கணினியைத் திறக்க முதல் ஒரு கடதாசியில் பலகையில் வரவேண்டிய எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைப்பெயர், என்ன விற்கிறார்கள், ஊர், தொலைபேசி எண். பெரும்பாலும் மாமா எல்லாவற்றையும் பெரிதாகக் கேட்பார். பொறுமையாகப் பேசி, ஒரே ஒரு சொல்லை அல்லது இரண்டு சொல்லைக் குண்டெழுத்துக்குத் தெரிவு செய்யுங்கள். மிச்சமெல்லாம் சாதாரண எழுத்தில் வரலாம். நம்முடைய உதாரணத்தில் வாசகம் "மட்டக்களப்பு எருமைத் தயிர்". இதில் வீதியில் போகிறவரை நிறுத்துகிற சொல் "தயிர்".

எல்லா இடத்துக்கும் இந்த எழுத்துப் பொருந்தாது. மரண அறிவித்தலையும் கண்ணீர் அஞ்சலிப் பனரையும் குண்டெழுத்தில் அடித்துத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர் சிரித்த முகத்தோடு நிற்பது மாதிரி இருந்தது. கோயில் கொடியேற்ற நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் போன்றவற்றுக்கும் வேறு எழுத்துகள் உண்டு. நீண்ட பந்திகளுக்கும் வேண்டாம். நாலு வரி வாசிக்க முன்னரே கண் களைத்துவிடும்.

இரண்டாம் படி: எழுத்துருவை எடுப்பது

கூகுள் ஃபொண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டைச் சொல்வேன். ஒன்று பாலூ தம்பி 2. மும்பையிலுள்ள எக் டைப் குழு வெளியிட்டது. இந்திய எழுத்து முறைகள் பலவற்றுக்கு ஒரே குடும்பமாகச் செய்து, தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன், தமிழுக்குத் தம்பி என்று உறவுமுறையிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் சாதாரணத்திலிருந்து மிகத் தடிப்பு வரை ஐந்து பருமன்கள் உண்டு. 400, 500, 600, 700, 800 என்று எண்ணால் குறிப்பார்கள். மற்றது கொயினி. தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக உள்ள, உருண்டு திரண்ட அலங்கார எழுத்து. ஆனால் ஒரே பருமன்தான். புதிதாகத் தொடங்குகிறவர் பாலூ தம்பி 2ஐ எடுங்கள். பருமனைக் கூட்டிக் குறைக்க முடிவது எவ்வளவு உதவி என்று பின்னால் தெரியும். இரண்டும் திறந்த உரிமத்தில் இருப்பதால் கடைப் பலகை, பொதி, ரீசேட் எதிலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மென்பொருளில் தடிப்பாக்குகிற பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தாதீர்கள். எழுத்துருவில் உண்மையான தடித்த பருமன் இல்லாவிட்டால், கணினி இருக்கிற கோட்டைச் சுற்றி மை பூசினாற்போல வீங்க வைத்துவிடும். வடிவமைத்தவர் ஞ, ண போன்ற நெருக்கமான எழுத்துகளில் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கி உள்வெள்ளையைக் காப்பாற்றி வைத்திருப்பார். வீங்க வைத்தால் அந்த உழைப்பு அத்தனையும் போய்விடும். என் ஆரம்ப நாட்களில் ஒரு முன்பள்ளிக்குப் பலகை செய்தபோது இதைத்தான் செய்தேன். ஏற்கெனவே மிகத் தடித்த எழுத்து, அதன்மேல் அந்தப் பொத்தானையும் அழுத்தினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. மாட்டிய பிறகு வீதியில் நின்று பார்த்த ஆசிரியை, "தம்பி, முன்பள்ளியில 'முன்' மட்டுந்தான் தெரியுது" என்றார். ள்ளி என்ற இரண்டெழுத்தும் சேர்ந்து ஒரு கட்டியாகிவிட்டது. திரும்ப அடிக்க நேர்ந்தது. அன்றிலிருந்து தடிப்பு வேண்டுமென்றால் பட்டியலில் உள்ள பருமனைத்தான் தெரிவு செய்கிறேன்.

மூன்றாம் படி: ஊர்ப் பெயர்களால் சோதித்தல்

புதிய எழுத்துரு எதை எடுத்தாலும் நான் முதலில் நம் ஊர்ப் பெயர்களை வரிசையாகத் தட்டச்சு செய்து பார்ப்பேன். இதைவிட நல்ல சோதனைத்தாள் எனக்குத் தெரியாது. தமிழ் எழுத்தின் சிக்கலான இடங்கள் எல்லாம் இந்தக் கரையோரத்திலேயே கிடக்கின்றன.

மண்முனை. இதில் ண், னை இரண்டும் ஒரே சொல்லில். மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே பார்வையில் பிரிந்து தெரிய வேண்டும். களுவாஞ்சிகுடி என்று எழுதினால் ஞ் அடைபடுகிறதா என்று தெரிந்துவிடும். கூடவே ளு, கு இரண்டின் கீழ் வளைவுகள் அடுத்த எழுத்தில் மோதுகின்றனவா என்றும் பார்க்கலாம். அக்கரைப்பற்று எட்டெழுத்துச் சொல், மூன்று குற்று. பள்ளிக்கூடத்தில் குற்று என்று படித்தோமே, அந்தப் புள்ளியைத்தான் சொல்கிறேன். குண்டெழுத்தில் குற்று கோட்டின் பருமனைவிடச் சற்றுப் பெரிதாக, கீழேயுள்ள எழுத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் ற் என்பது தலையில் வீக்கமுள்ள ற ஆகிவிடும். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் குற்றே வைக்கமாட்டார்கள், வாசிப்பவர் இடமறிந்து வாசித்துக்கொள்வார். வீதியில் மோட்டார்சைக்கிளில் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஏறாவூர் என்னும் பெயரில் இரண்டு சோதனை. ஏ என்ற எழுத்தின் காலில் உள்ள சாய்ந்த கீற்றுத் தெளிவாக இருக்கிறதா? இல்லாவிட்டால் எறாவூர் ஆகிவிடும். அடுத்து, றா எழுத்தின் அரவும் (ா) கடைசியில் உள்ள ர் எழுத்தும் ஒன்றுபோல் தோன்றுகின்றனவா? ர எழுத்தின் கீழ்க்கீற்று உருண்ட முனைகளில் எளிதாகத் தேய்ந்துபோகும். புளியந்தீவில் ளி, தீ இரண்டும் வருகின்றன. குறிலையும் நெடிலையும் பிரிப்பது மேலே உள்ள அந்தச் சின்னச் சுழி மட்டுமே. வாழைச்சேனையில் இரட்டைக் கொம்பைப் பாருங்கள். ஒலுவில், ஓட்டமாவடி இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒ, ஓ வேறுபாட்டைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் திரையில் விரல் நகத்தைவிடச் சிறிதாகச் சுருக்கிக் கண்ணைச் சற்று இடுக்கிப் பார்க்க வேண்டும். எந்த எழுத்து மற்றவற்றைவிடக் கறுத்துத் தெரிகிறதோ அங்கே வெள்ளை போதவில்லை. பருமனை ஒரு படி குறையுங்கள். 800இல் அடைபடுகிற ஞ் 700இல் மூச்சுவிடும்.

நான்காம் படி: யூனிகோட்டில் தட்டச்சு

நம் பகுதி அச்சகங்களில் பாமினி இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய முறை. அதில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். பாலூ தம்பி, கொயினி போன்றவை யூனிகோட் எழுத்துருக்கள். யூனிகோட் என்பது தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கியுள்ள பொது முறை. பாமினியில் அடித்த வரியை அவற்றுக்கு மாற்றினால் தமிழ் வராது. மாற்றி மென்பொருள் வழியாக யூனிகோட்டுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் எழுத்துருவைப் போட வேண்டும். பாமினி விசை விரலில் ஊறிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் அதே பாமினி விசையமைப்பில் யூனிகோட் அடிக்கலாம். கைத்தொலைபேசியில் அடித்து உங்களுக்கே அனுப்பி ஒட்டினாலும் சரி.

சில வடிவமைப்பு மென்பொருள்களில் ஒட்டியவுடன் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய்விடும். ஃபோட்டோஷொப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கினால் சரியாகும். இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் தமிழை ஒழுங்காகவே காட்டும்.

ஐந்தாம் படி: அளவுக் கணக்கு

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பலகைத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: எழுத்தின் ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் பத்தடி தூரம். குற்றையும் மேல் வளைவையும் விட்டு, எழுத்தின் உடலை மட்டும் அளக்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவர் 150 அடியைச் சுமார் மூன்று வினாடியில் கடந்துவிடுவார். வாசித்து, நினைத்து, நிறுத்த அவ்வளவு நேரமாவது வேண்டாமா? அப்படியென்றால் எழுத்து 15 அங்குலம் இருக்க வேண்டும்.

குண்டெழுத்தில் ஒரு தமிழ் எழுத்தின் அகலம் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட என்று எடுத்துக்கொள்ளுங்கள். "மட்டக்களப்பு" எட்டெழுத்து. 15 அங்குல உயரத்தில் எழுதினால் ஏறத்தாழ 11 அடி நீளும். நம் பலகையோ எட்டடி. "தயிர்" மூன்றெழுத்து, நாலடிக்குச் சற்று மேலே போகும். இப்போது ஏன் அந்தச் சொல்லைத் தெரிவு செய்தோம் என்று விளங்கும். மேல் வளைவு, குற்று, கீழ்க்கீற்று எல்லாம் சேர்த்து அது 25 அங்குலம் அளவில் உயரம் பிடிக்கும். பலகை 36 அங்குலம். மிச்சத்தில் "மட்டக்களப்பு எருமைத்" என்பதை நாலங்குல எழுத்தில் மேலே வைக்கலாம், நாற்பதடியில் அதுவும் தெரியும். பக்கத்தில் இருக்கிற வெற்றிடத்தில் ஒரு தயிர்ச்சட்டிப் படம். சொல் இரண்டு வரியாகப் பிரிந்தாலும் "எருமைத்" என்பதில் உள்ள த் எழுத்தை விட்டுவிடாதீர்கள். தமிழாசிரியர்களும் அந்த வீதியால்தான் போவார்கள்.

இடம் போதாவிட்டால் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிச் சிறிதாக்குவது மிகப் பெரிய பிழை. வேறு எழுத்தில் கொஞ்சம் மறைந்துபோகும், குண்டெழுத்தில் உடனே காட்டிக்கொடுக்கும். உருண்ட முனைகள் நீள்வட்டமாகும், நிற்கிற கோடு மெலியும், படுக்கிற கோடு அதைவிடத் தடிப்பாகத் தெரியும். இடமில்லையென்றால் சொல்லைக் குறையுங்கள், அல்லது முழு எழுத்தையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்குங்கள்.

ஆறாம் படி: நிறமும் ஓரமும்

வெள்ளைப் பின்னணியில் கடும் நிறம் எழுதினால் நீங்கள் தெரிவு செய்த பருமன் அப்படியே தெரியும். கடும் பின்னணியில் வெள்ளை எழுதினால் எழுத்து இருப்பதைவிடப் பருத்துத் தோன்றும். உள்ளே விளக்கு வைத்த பலகையில் இன்னும் கூட. இரவில் ஒளி கசிந்து வளையங்களை நிரப்பிவிடும். ஆகவே வெளிச்சப் பலகைக்கு ஒரு படி மெலிதான பருமன், எழுத்துகளுக்கிடையே ஒரு மயிரிழை கூடுதல் இடைவெளி.

எழுத்தைச் சுற்றி ஓரக்கோடு போட ஆசை வரும். போடலாம், ஆனால் அது எழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஓரக்கோட்டை நிரப்பின் பின்னால் வைக்கிற தெரிவு ஒன்று உண்டு. அதை மறந்தால் கோட்டின் பாதி எழுத்துக்குள்ளே ஏறி அதைத் தின்றுவிடும். இரண்டு மூன்று ஓரம், அதற்கு மேல் நிழல் என்று அடுக்க வேண்டாம்.

கண்ணாடியிலோ ஓட்டோவிலோ ஒட்டுகிற ஸ்டிக்கருக்கு இந்த எழுத்து மிகப் பொருத்தம். கூரிய மூலைதான் முதலில் உரிந்து எழும்பும், இங்கே மூலையே இல்லை. ஆனால் தெளிப்பு வர்ணத்துக்கு அச்சு வெட்டுவதாக இருந்தால் கவனம். ப, ட திறந்த எழுத்துகள், தொல்லை தரமாட்டா. ண, ம போன்றவற்றின் வளையத்துக்குள் உள்ள துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து நிற்க ஒரு சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும்.

ஏழாம் படி: சிங்களமும் ஆங்கிலமும் சேரும்போது

மூன்று மொழியிலும் வேண்டும் என்று கேட்பது நம்மிடம் சாதாரணம். பாலூ தம்பியில் ஆங்கிலம் கூடவே வரும், சிங்களம் இல்லை. சிங்களத்துக்கு நோட்டோ சான்ஸ் சிங்களத்தில் தடிப்பான ஒரு பருமனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முனைகள் அவ்வளவு உருண்டு இராது. இதற்கு ஒரு வழி: ஒரு படி மெலிதான பருமனை எடுத்து, அதே நிறத்தில் சிறிய ஓரக்கோடு கொடுத்து, ஓரத்தின் மூலை வகையை உருண்டை என்று மாற்றுங்கள். வெளிமூலைகள் மழுங்கும். சிங்கள எழுத்து இயல்பாகவே வளைவானது, அதனால் மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல் சேர்ந்துவிடும். மூன்றுக்கும் ஒரே எண்ணில் அளவு கொடுத்தால் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. எண்ணை விட்டுவிட்டு உயரத்தைக் கண்ணால் ஒப்பிடுங்கள். தமிழ் நீளமென்று அதை மட்டும் சிறிதாக்கி ஓரத்தில் தள்ளிய பலகைகளை நாம் நிறையப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறோம், நம் கையால் இன்னொன்று வரவேண்டாம்.

எட்டாம் படி: பத்தில் ஒன்றாக அடித்துப் பார்ப்பது

பலகையைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். எட்டடி 9.6 அங்குலமாகும், ஒரு ஏ4 தாளில் கிடையாக அடங்கும். அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். நூறடியில் உண்மைப் பலகை எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். பதினைந்தடி போனால் 150 அடி. வாசகம் தெரியாத ஒருவரை, முடிந்தால் கண்ணாடி போடுகிற வயதானவரை, கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தடங்குகிறார் என்று கவனியுங்கள். "தயிர்" என்பதில் யி எழுத்தின் வளைவும் ர் எழுத்தின் குற்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கலாம். அப்படியானால் ர் எழுத்தை ஒரு நூல் வலப்பக்கம் நகர்த்துங்கள். இந்தத் தாளிலேயே திருத்துவதுதான் மலிவு.

கடைசிப் படி: கோப்பை அனுப்புவது

பனர் அடிக்கிற இடத்தில் உங்கள் எழுத்துரு இருக்காது. எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்ப வேண்டும். கோரல் டிராவில் கன்ட்ரோலும் கியூவும், இங்க்ஸ்கேப்பில் பொருளைப் பாதையாக மாற்றுகிற கட்டளை. மாற்றிய பிறகு எழுத்தைக் கையால் நகர்த்துவதாக இருந்தால், கொம்பையும் அரவையும் அதனதன் எழுத்தோடு சேர்த்துப் பிடித்து நகர்த்துங்கள். பி.டி.எஃப். ஆக அனுப்பி, அடிக்க முதல் அவர்களுடைய திரையில் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

வடிவமாக மாற்றாத மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரமாக வைத்திருங்கள், எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில். மாமா தொலைபேசி எண்ணை மாற்றினாலோ மோரும் விற்கத் தொடங்கினாலோ அதைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.